ஒன்பதரை

செப்டம்பர் இரண்டாம் வாரம், வடக்கு டகோட்டா.
பீட் கிழங்கு லாரிகள்
பள்ளி ஜன்னல்களை உலுக்கிவிட்டுப் போகின்றன.
நான் மதிப்பெண் பதிவேடுகளின் எழுத்தன்.
பிள்ளைகளை எண்களாக்கி
உறையிலிட்டு அனுப்புவது என் வேலை.

சிக்ரிட் பிராண்ட்வோல்ட் வந்து நிற்கிறாள்.
கதவின் அகலத்தில் முக்கால் அவள்.
ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி,
அதன் மேல் சுண்ணப்பொடி.
வட்டு எறிபவள். மாநிலத்தில் இரண்டாவது.
தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்
மூன்று முறை போன் செய்துவிட்டார்.
நான்காம் முறை அவர் விசாரித்தது
அவள் தோளை அல்ல,
என் பதிவேட்டை.

விதி ஒரே பக்கம்தான்.
பதினாறு முக்கியப் பாடங்கள்.
பதினாறும் பெற்றால்தான் பெருவாழ்வு.
அதிலும் பத்து,
கடைசி ஆண்டின் முதல் மணி அடிக்கும் முன்
முடிந்திருக்க வேண்டும்.
அந்த மணி
போன மாதம் இருபத்தேழாம் தேதி அடித்துவிட்டது.

எண்ணினேன்.
ஆங்கிலம் மூன்று, கணிதம் இரண்டு, அறிவியல் இரண்டு,
வரலாறு இரண்டு, குடிமையியல் அரை.
விரல் மடித்து, பிறகு பேனாவால்,
பிறகு கால்குலேட்டரில்.
வெட்கமாக இருந்தது,
பத்துக்குள் எண்ண ஒரு கால்குலேட்டர்.

ஒன்பதரை.

"பண்ணைக் கணக்கு எடுத்தேனே" என்கிறாள்.
"அதில் ஏ வாங்கினேன்."
வாங்கினாள்தான்.
ஏக்கருக்கு எத்தனை டன்,
டன்னில் எத்தனை சதம் சர்க்கரை,
டீசல் விலை ஏறினால்
எந்த மாதம் வங்கிக் கடன் கழுத்தைப் பிடிக்கும்,
எல்லாம் தெரியும் அவளுக்கு.
அது கணக்கு.
ஆனால் கணக்கில் வராது.

அந்த வகுப்பில் அவளைப் போட்டது நான்.
அப்போது பத்தாம் வகுப்பு, அறுவடைக் காலம்.
இரவெல்லாம் அப்பாவோடு லாரியில் இருந்துவிட்டு
காலை வகுப்பில் தூங்கி வழிந்தாள்.
இடம் இருந்தது மூன்றாம் பீரியடில் மட்டும்.
"இதுவும் கணிதம்தானே" என்றேன், என் வாயால்.
திரையில் ஒரு கட்டத்தைத் தட்டினேன்.
மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனேன்.
என்ன சாப்பிட்டேன் என்பதுகூட நினைவில்லை.

அவள் திட்டவில்லை.
திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.
"அரைதானே. இப்போது எடுத்தால்?"
பதினாறில் சேரும், பத்தில் சேராது.
"அப்படியென்றால்?"
அப்படியென்றால்,
உதவித்தொகை கிடைக்கலாம்,
பயிற்சிக்குப் போகலாம்,
முதல் வருடம் முழுக்க
போட்டியில் மட்டும் எறியக் கூடாது.

"மற்றவர்கள் எறிந்ததைப்
பொறுக்கிக்கொண்டு வரலாமா?"
சிரிக்கிறாளா, தெரியவில்லை.
நான் அந்தத் தாளில் அதைத் தேடினேன்,
நிஜமாகவே தேடினேன்.

பிறகு, கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"மே மாதம் ஒரு எறி.
என் வாழ்நாளில் நீளமானது என்றார் ட்வெய்ட் சார்.
கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது.
அளக்கவே இல்லை.
ஆனால் அந்தக் கோடு
முன்பே புல்லில் இருந்தது.
வெள்ளையாக. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு லாரி போனது. ஜன்னல் அடங்கியது.

"அந்தத் தாளில் ஒரு பிரதி கிடைக்குமா?
தம்பி எய்னார் எட்டாம் வகுப்பு.
மல்யுத்தம்."

இயந்திரத்திலிருந்து சூடாக வந்தது தாள்.
வலது கையில் சுண்ணம்,
இடது கையால் வாங்கி
நான்காய் மடித்து காலுறைக்குள் செருகிக்கொண்டு
மைதானத்துக்குப் போனாள்.

நான்கு மணிக்கு மேலும் விளக்கை அணைக்கவில்லை.
தவறு என்னுடையது என்று
மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்;
அதைப் படிக்க அங்கே ஒரு ஆள் இருக்கக்கூடும்.
வெளியே அவ்வப்போது
ஈர மண்ணில் ஏதோ விழும் சத்தம்.

பண்ணைக் கணக்கு, மூன்றாம் பீரியட்:
இன்னும் பதினோரு பேர்.
முதல் கோப்பைத் திறக்கிறேன்.
இம்முறை விரல் மடித்தே எண்ணுகிறேன்.